நாயகத்தின் நிழல் பார்த்த வேலை

கோமதிநாயகம் பதினோரு நிறுவனங்களின் நேர்காணல்களில் தோற்றிருந்தான். அவற்றில் ஒன்றுக்குக்கூட அவன் போனதில்லை.

போக வேண்டிய தேவையே இருக்கவில்லை. விண்ணப்பத்தின் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ‘சம்மதம்’ என்ற கட்டத்தைத் தொட்டதும், அவனுடைய மின்னஞ்சல்கள், கல்லூரி விடைத்தாள்கள், குரல் பதிவுகள், கைபேசியில் ஆறு வருடங்களாகச் சேர்ந்திருந்த செய்திகள் எல்லாவற்றையும் அந்த நிறுவனங்கள் அள்ளிக்கொண்டன. அவற்றைக் கொண்டு அவனைப் போலவே யோசிக்கிற, அவனைப் போலவே திணறுகிற ஓர் உருவைத் தங்களுக்குப் பொதுவான ஒரு கணினிக்குள் செய்துகொண்டன. சட்டப் புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. மாணவர்கள் நிழல் என்றார்கள். நேர்காணல் நிழலுக்குத்தான். நிழல் தேறினால் ஆளைக் கூப்பிடுவார்கள்.

நாயகத்தின் நிழல் சராசரியாக ஏழு நிமிடத்தில் தோற்றது. ஒருமுறை விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுப் பல் துலக்கப் போனான். வாய் கொப்பளித்துவிட்டு வருவதற்குள் நிராகரிப்புக் கடிதம் வந்திருந்தது. ‘உங்களுடன் உரையாடியது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது’ என்று அதில் வேறு எழுதியிருந்தார்கள்.

கடிதத்தோடு உரையாடலின் நகலையும் இணைப்பார்கள். அதைப் படிப்பது, தான் இல்லாமலே எடுத்த தன்னுடைய திருமண வீடியோவைப் பார்ப்பது போலிருந்தது. ‘தனியார் முதலீட்டுத் துறைக்கு ஏன் வர விரும்புகிறீர்கள்?’ என்ற கேள்விக்கு அவன் நிழல், ‘எங்கள் வகுப்பில் எல்லோரும் வருகிறார்கள்’ என்று பதில் சொல்லியிருந்தது. நாயகத்துக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவனிடமும் வேறு பதில் இல்லை.

“உன் நிழல் உண்மைய உளறுது மச்சான்” என்றான் அறைத்தோழன் அஃப்சல். ஆம்பூர்க்காரன். அவனுடைய நிழல் முதல் முயற்சியிலேயே ஒரு முதலீட்டு வங்கியில் தேறியிருந்தது. “அதுக்குப் பொய் சொல்லத் தெரியல.”

“பொய்யின்னு கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?”

“அவங்க கண்டுபிடிக்கணும்னா பாக்கறாங்க? கூசாம சொல்றியான்னு பாக்கறாங்க. நிழலை நீ நேரா மாத்த முடியாது. உன்ன மாத்து, அது தானா மாறும். ஒரு மாசம் தினமும் பத்து பொய் சொல்லு. எழுத்துல சொல்லு, அப்பதான் பதிவாகும்.”

நாயகம் எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்பவன். நோட்டுப் போட்டு எண்ணிக்கை வைத்துக்கொண்டான். பள்ளியில் கபடி அணித் தலைவனாக இருந்ததாகப் பத்துப் பேருக்கு எழுதினான். கபடிக் களத்தில் அவன் செய்த ஒரே வேலை சுண்ணாம்புக் கோடு போட்டது. விடுதிச் சாப்பாடு அருமை என்று விடுதிக் காப்பாளருக்கே மின்னஞ்சல் அனுப்பினான். அவர் சந்தேகப்பட்டுச் சமையலறைக்கு ஆய்வுக்குப் போனார். மூன்றாவது வாரத்தில் பொய் சரளமாக வந்தது. நான்காவது வாரத்தில் எண்ணிக்கையை நோட்டில் குறிக்கும்போதே இரண்டு கூட்டி எழுதினான்.

பன்னிரண்டாவதாக ஹால்பெர்க் மைத்ரா என்ற நிறுவனத்தில் பயிற்சி வேலைக்கு விண்ணப்பித்தான். நலிந்த கம்பெனிகளை வாங்கி, செலவைக் குறைத்து, ஐந்து வருடத்தில் இரண்டு மடங்கு விலைக்கு விற்பவர்கள். ஏழு நிமிடம் ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. கடிதம் வரவில்லை. மூன்றாம் நாள், வியாழக்கிழமை பகல் ஒரு மணிக்கு நேரில் வரச் சொல்லி அழைப்பு வந்தது.

அஃப்சல் தன்னுடைய கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டான். தோள் இரண்டும் நாயகத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயின. “நிமிர்ந்து நட, சரியாயிடும்” என்றான்.

ஹால்பெர்க் மைத்ராவின் அலுவலகம் கிண்டியில், இருபத்து மூன்றாவது மாடியில் இருந்தது. நாயகம் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார்ந்து, பதற்றத்தில் மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தான். சரியாக ஒரு மணிக்குப் பிரியம்வதா என்ற அதிகாரி அவனை உள்ளே அழைத்துப் போனாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மேசையில் ஒரு திரையும், அச்சடித்த அறிக்கை ஒன்றும், மூடி கழற்றிய பேனாவும் தயாராக இருந்தன.

“உக்காருங்க கோமதிநாயகம். முதல்ல கங்கிராட்ஸ். உங்க இன்டர்ன்ஷிப் முடிஞ்சிடுச்சு.”

நாயகம் அப்போதுதான் பாதி உட்கார்ந்திருந்தான். மீதியை என்ன செய்வது என்று தெரியவில்லை.

“இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே மேடம்.”

“நீங்க ஆரம்பிக்கல. இன்டர்வியூல தேறின நிழலை நாங்க அப்படியே வேலையில வெச்சிடுவோம். எட்டு வார வேலை. உங்களுது நாப்பது நிமிஷத்துல முடிச்சிடுச்சு. சம்பளம், சர்டிபிகேட் எல்லாம் முழுசா உங்களுக்குத்தான்.”

தன் வாழ்க்கையின் முதல் வேலையைத் தான் தவறவிட்டுவிட்டோம் என்பது நாயகத்துக்கு மெல்லத்தான் உறைத்தது. “எப்படி மேடம் செஞ்சேன்?” என்று கேட்டான்.

“நல்லாவே செஞ்சீங்க. முதல் ரெண்டு வாரம் ரொம்ப பயந்தீங்க. நாலாவது வாரம் ஒரு சீனியர்கிட்ட திட்டு வாங்கினீங்க. அவரும் நிழல்தான், கவலைப்படாதீங்க. அதுக்கப்புறம் பிக்கப் ஆயிட்டீங்க. ஜூன் மாசத்துலேர்ந்து நிரந்தர வேலையே தரலாம்னு முடிவு பண்ணியிருக்கோம்.”

“வேலையையும் நிழலே பாத்துக்கும்னா நான் என்ன செய்யணும்?”

“கையெழுத்து போடணும்” என்றாள் பிரியம்வதா. அதில் கேலி எதுவும் இல்லை. “ஆஸ்பத்திரி, ஸ்கூல் மாதிரி இடங்களை மூடற முடிவை மெஷின் எடுக்கக் கூடாதுன்னு சட்டம் வந்ததில்ல? மனுஷன்தான் எடுக்கணும். உங்க நிழல் எடுத்த முடிவுல நீங்க கையெழுத்து போட்டுட்டா, அது நீங்க எடுத்த முடிவு. இன்னிக்கு உங்களைக் கூப்பிட்டதே அதுக்குத்தான்.”

அவள் அறிக்கையை அவன் பக்கம் தள்ளினாள். ஊற்று டயாலிசிஸ் என்று ஒரு கம்பெனி. தென் மாவட்டங்களின் சிறிய ஊர்களில் முப்பத்தொரு மையங்கள் நடத்துகிறது. ஹால்பெர்க் மைத்ரா அதை வாங்கியிருந்தது. எந்தெந்த மையங்களை மூடலாம் என்பது பயிற்சிக்காக நாயகத்தின் நிழலுக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

புரட்டப் புரட்ட நாயகத்துக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நடை அவனுடைய நடையேதான். பக்கத்துக்கு நான்கு ‘ஆகவே’. எதையாவது உறுதியாகச் சொல்லிவிட்டால் அடுத்த வரியிலேயே ‘எனினும்’ என்று பின்வாங்கிக்கொள்ளும் வழக்கம். தான் எழுதாத எழுத்தில் தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கடைசிப் பக்கத்துக்கு வந்தான். மூட வேண்டிய ஒன்பது மையங்கள் அங்கே வரிசையாக இருந்தன. ஏழாவது, சங்கரன்கோவில்.

அவனுடைய சித்தப்பா சங்கரலிங்கத்துக்கு வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிப்பது அங்கேதான்.

ஆறாம் வகுப்பில் அப்பா போனதிலிருந்து நாயகத்தை வளர்த்ததும் படிக்க வைத்ததும் சித்தப்பாதான். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகும், கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சை ஒட்டிக்கொண்டு நேரே கடைக்குத்தான் போவார். அந்த மையம் மூடினால், அவனுக்குத் தெரிந்து அடுத்தது திருநெல்வேலி. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, நடுவில் இயந்திரத்தோடு நான்கு மணி.

“மேடம், இதுல சொந்தக்காரங்க யாராவது பாதிக்கப்படறாங்களான்னு நிழலைக் கேப்பீங்களா?”

“கட்டாயம் கேப்போம், சட்டம்.” அவள் திரையைத் திருப்பினாள். கேள்வி இருந்தது. ‘மூடப்படும் மையங்களில் உங்கள் குடும்பத்தினர் யாரேனும் சிகிச்சை பெறுகிறார்களா?’ அதன் கீழே, அவன் பெயருக்கு நேரே, ஒரே சொல்லில் பதில். ‘இல்லை.’

நாயகத்துக்குக் காது சூடாயிற்று. அது பொய் சொல்லியிருக்கிறது. ஒரு மாதம் நோட்டுப் போட்டு அவன் சொல்லிக்கொடுத்த பாடத்தை அது இவ்வளவு ஒழுங்காகப் படித்திருக்கிறது. வேலைக்காகச் சித்தப்பாவையே இல்லை என்று சொல்லியிருக்கிறது. அதைவிட மோசம், அந்த இடத்தில் தான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்போம் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. முதலில் வேலை கிடைக்கட்டும், சித்தப்பாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பான். நினைத்துவிட்டு, அடுத்த வரியில் ஒரு ‘எனினும்’ போட்டிருப்பான்.

“இங்க ஒரு கையெழுத்து” என்று பிரியம்வதா விரல் வைத்துக் காட்டினாள்.

“நான் போடலேன்னா?”

“போடுவீங்க. அதையும் ஓட்டிப் பாத்துட்டோம். இந்த ரூம், இந்த பேனா, எல்லாம் வெச்சு நூறு தடவை. தொண்ணூத்தாறு தடவை நேரா போட்டுட்டீங்க.”

“மீதி நாலு?”

“மூணு தடவை கொஞ்சம் அழுதீங்க, அப்புறம் போட்டீங்க. ஒரே ஒரு தடவை பாத்ரூம் போறேன்னு போயிட்டு திரும்பி வரல.”

நாயகத்துக்கு இந்த ஒரு மணி நேரமாகவே பாத்ரூம் போக வேண்டியிருந்தது. மூன்று தம்ளர் தண்ணீர். இப்போது எழுந்து கேட்டால் ஓடிப்போகிறவன் என்று நினைப்பாள். கேட்காமல் இருந்தால் வேறு விபரீதம் நடக்கும். மனிதனுக்குச் சுயமாக முடிவெடுக்கும் உரிமை உண்டா என்ற பெரிய கேள்வி, அவனுக்கு அடிவயிற்றில் வந்து நின்றது.

“மேடம், நிஜமாவே போகணும்” என்றான்.

“நேரா போய் லெஃப்ட்” என்றாள் அவள், அறிக்கையை மூடி வைத்துவிட்டு.

முகம் கழுவும்போது கண்ணாடியில் அஃப்சலின் கோட்டு தெரிந்தது. நடுவில் எங்கோ அவனும் இருந்தான். இப்படியே லிஃப்டில் இறங்கிப் போய்விடலாம். நூறில் ஒருவன் போயிருக்கிறான். அந்த ஒருவன்மீது நாயகத்துக்கு மரியாதை ஏற்பட்டது. கதவு வரை போன பிறகுதான், பத்தாம் வகுப்பு முதல் எல்லா அசல் சான்றிதழ்களும் உள்ளே நாற்காலியில் பைக்குள் இருப்பது நினைவுக்கு வந்தது. அந்த ஒருவன் கணினிக்குள் இருப்பவன், அவனுக்குச் சான்றிதழ் தேவையில்லை.

திரும்பி வந்தவனைப் பார்த்துப் பிரியம்வதா புருவத்தை உயர்த்தினாள்.

“கணக்கெல்லாம் பாக்கலாமா மேடம்? எப்படி அந்த ஒன்பதுக்கு வந்ததுன்னு.”

“யாரும் கேட்டதில்ல. தாராளமா பாருங்க.”

நாயகம் ஒவ்வொரு மையமாகப் பார்த்தான். உண்மையில் அவன் தேடியது சங்கரன்கோவிலைக் காப்பாற்ற ஒரு வழி. கோவில்பட்டி மையத்தின் பக்கத்தில் அவன் விரல் நின்றுவிட்டது. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அவன் போடுகிற தப்பு. ஆகஸ்டில் திறந்த மையத்துக்கு எட்டு மாத வரவை எழுதி, ஒப்பந்தத்தில் இருந்த பன்னிரண்டு மாத வாடகையை அப்படியே கழித்திருந்தது. கல்லூரியில் இதே தப்புக்காக மூன்று விடைத்தாளில் ‘உன் ஆண்டு எப்போது தொடங்குகிறது?’ என்று பேராசிரியர் சிவப்பில் எழுதியிருந்தார். மூன்றாம் முறை அடிக்கோடும் போட்டிருந்தார். உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருப்பார்கள். அவன் அந்தத் தப்போடு குடும்பம் நடத்துகிறவன்.

“மேடம், இது நஷ்டமே இல்ல.”

அவள் எழுந்து அவன் பக்கம் வந்தாள். இரண்டு பேரும் வரிசையாகச் சரிபார்த்தார்கள். கோவில்பட்டி, அருப்புக்கோட்டை, பரமக்குடி. மூன்றும் ஆண்டின் நடுவில் திறந்தவை. மூன்றுமே லாபத்தில் இருந்தன.

நாயகம் ஏழாம் எண்ணுக்கு வந்தான். சங்கரன்கோவில் மையம் திறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஆண்டு சரியாக ஏப்ரலில் தொடங்கியது. எப்படிக் கூட்டினாலும் நஷ்டம்தான்.

“எங்க டீம்ல பதினாறு பேர் இதைப் பாத்தாங்க” என்றாள் பிரியம்வதா. குரலில் முதல்முறையாக ஒரு நெருக்கம் இருந்தது. “சரி, பதினாறு நிழல். யாரும் பிடிக்கல. மூணையும் லிஸ்ட்லேர்ந்து எடுத்துடறேன். இனி யார் செஞ்சாலும் திருத்தின கணக்கை வெச்சுதான் செய்யணும். இப்ப ஆறுதான். இதுக்குப் போடலாமில்ல?”

வேலை, ஜூன், மாதச் சம்பளம் எல்லாம் அந்தப் பேனாவின் முனையில் நின்றன. மூன்றைக் காப்பாற்றியாயிற்று. ஒருவனால் இவ்வளவுதான் முடியும் என்று சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போடலாம். பேனாவைக்கூட எடுத்துவிட்டான்.

“மேடம், அந்தக் கேள்விக்கு என் நிழல் சொன்ன பதில் பொய். சங்கரன்கோவில்ல என் சித்தப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்குது.”

பிரியம்வதா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு நிதானமாகப் பேசினாள். “இது ரெக்கார்ட் ஆயிட்டிருக்கு. அதனால தெளிவா சொல்லிடறேன். நிழல் பொய் டிக்ளரேஷன் குடுத்திருந்தா இந்த ரிப்போர்ட்டே செல்லாது. எங்களுக்குப் பெரிய நஷ்டம் இல்ல, வேற ஒருத்தரோட நிழலை வெச்சு புதுசா செய்வோம். மூணு வாரம் லேட்டாகும். ஆனா உங்களுக்கு? பொய் சொன்ன நிழலை அஞ்சு வருஷத்துக்கு எந்தக் கம்பெனியும் தொடக் கூடாது. ஒரு ஆளுக்கு ஒரு நிழல்தான், வேற செஞ்சுக்கவும் முடியாது.”

“புரியுது மேடம்.”

“அஞ்சு மணி வரைக்கும் நான் இதை மேல அனுப்ப மாட்டேன். தப்பா சொல்லிட்டேன்னு ஒரு போன் பண்ணினா போதும்.” கார்டை எடுத்து நீட்டினாள். “நூறு தடவைல ஒரு தடவைகூட நீங்க இதைச் சொல்லல. அதான் யோசிக்கறேன்.”

லிஃப்டில் நாயகம் தனியாக இருந்தான். இருபதாவது மாடியில் அவனுக்கு நெஞ்சு விம்மியது. நூறு நாயகங்கள் செய்யாததைச் செய்த நூற்றியோராவது நாயகம். பதினைந்தாவது மாடியில், இதைப் பிற்காலத்தில் எப்படி அடக்கத்தோடு சொல்வது என்று ஒத்திகை பார்த்தான். எட்டாவது மாடியில் ஐந்து வருடம் என்பது எத்தனை மாதம் என்று பெருக்கிப் பார்த்தான். தரைத்தளத்தில் பசித்தது.

ரோட்டோரக் கடையில் டீ வாங்கிக்கொண்டு சித்தப்பாவைக் கூப்பிட்டான். மணி மூன்றரை. தியாகத்தைத் தானாகச் சொல்லக் கூடாது, அவரே கேட்டு வரவழைக்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தான்.

“ஏல நாயகம், இண்டர்வியூ என்னாச்சு?”

“கிடைக்கல சித்தப்பா.”

“போனா போட்டும் விடு. சாப்பிட்டியா?”

“சித்தப்பா, ஒண்ணு கேக்கணும். அந்த ஊற்று சென்டரை மூடிட்டா நீங்க என்ன செய்விய?”

“எது, ரயில்வே டேசன் பக்கத்துல இருக்கே, அதா? மூடுனா மூடட்டும். நான் அங்கன போயி நாலு மாசமாச்சேடே.”

நாயகம் டீயைக் கீழே வைத்தான். “பிறகு எங்க போறிய?”

“தென்காசி பெரியாஸ்பத்திரிக்கு. இங்கன ஏசியப் போட்டு ஆளைக் கொல்லுதான், குளிரு தாங்கல. அங்க என் கூடப் படிச்ச பயலுவ ரெண்டு பேரு அடுத்தடுத்த கட்டில்ல கெடக்கான். நாலு மணி நேரம் பேச்சுலயே போயிருது. நீ குரூப்பைப் பாக்கதே இல்லியா? சித்தி எல்லாத்தையும் அதுலதான போடுதா.”

“பரிட்சையில விட்டுட்டேன் சித்தப்பா.”

“ஊற்றுல கூட இருந்தவுகள்ல சவரியம்மா டீச்சருக்குத்தான் கஷ்டம். அவுகளால பஸ்ல ஏற முடியாதுல்லா, அதான் இன்னும் இங்கனயே போயிட்டிருக்காவ. ஆமா, மூடப் போறாங்களா என்ன?”

“தெரியல சித்தப்பா. சும்மா கேட்டேன்” என்றான் நாயகம். அந்த மாதத்தில் அவன் சொன்ன பொய்களிலேயே அதுதான் தடுமாறிக்கொண்டு வந்தது.

போனை வைத்துவிட்டுக் கடை பெஞ்சில் உட்கார்ந்தான். குடும்பத்துக்கென்று ஒரு குரூப் இருந்தது. கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம், ஓயாமல் வருகிற காலை வணக்கங்களுக்குப் பயந்து, அதன் ஒலியை அணைத்து வைத்திருந்தான். அதற்குப் பிறகு திறக்கவில்லை. படிக்காத செய்திகள் இரண்டாயிரத்து நூற்று நாற்பத்து மூன்று. அவன் படிக்கவில்லை. அவன் நிழல் ஒன்று விடாமல் படித்திருந்தது. சித்தப்பா எந்த ஊரில், எந்தக் கட்டிலில், யார் பக்கத்தில் படுத்திருக்கிறார் என்பதெல்லாம் அதற்குத் தெரிந்திருந்தது. குடும்பத்தில் யாராவது அங்கே சிகிச்சை பெறுகிறார்களா என்று கேட்டபோது, இல்லை என்று உண்மையைச் சொல்லியிருந்தது.

பொய் சொன்னவன் நாயகம்தான். அதுவும் சத்திய ஆவேசத்தோடு, பதிவாகிற அறையில் வைத்து.

பிரியம்வதாவின் கார்டு சட்டைப் பையில் இருந்தது. ஒரே ஒரு போன். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றால் போதும், அது நூற்றுக்கு நூறு உண்மையும்கூட. வேலை திரும்பி வந்துவிடும். இதில் அவனை வெட்கப்பட வைத்தது வேறு. சித்தப்பா அந்தக் கட்டிலில் இருக்கிறவரை ஆறு மையங்களும் ஆறு ஊர்களாக இருந்தன. சித்தப்பா தென்காசிக்குப் போய்விட்டார் என்று தெரிந்த அரை நிமிடத்துக்குள் அவை மறுபடி பட்டியலில் ஆறு வரிகளாகிவிட்டன. அவனுடைய மனசாட்சி ஒரே ஒரு ஆளுக்குப் போதுமான அளவில்தான் தைக்கப்பட்டிருந்தது, அஃப்சலின் கோட்டைப் போல் அதில் தாராளம் இல்லை.

சவரியம்மா டீச்சர் யாரென்று அவனுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் குரூப்பைத் திறந்தான். பழைய செய்தியிலிருந்து தொடங்கினான்.

இரண்டு வருடக் குடும்பம் அதில் இருந்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நடந்திருந்தது. அவனிடம் போனில் ‘கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுதேன்’ என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். சித்தப்பா மகள் மாநில அளவில் கோகோ ஆடித் தோற்றுவிட்டு, கோப்பையோடு நிற்கிற எதிரணியின் படத்தில் ஓரமாக நின்று சிரித்திருந்தாள். சவரியம்மா டீச்சர் வந்தார். எழுபது வயது, கணக்கு டீச்சர். டயாலிசிஸ் நடக்கும் நான்கு மணி நேரமும் பக்கத்துக் கட்டில்காரர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் போனில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறாராம். ஏழாம் வாய்ப்பாட்டில் தப்புவிட்ட ஒரு பையனின் குரல் பதிவைச் சித்தி போட்டிருந்தாள். பின்னணியில் இயந்திரத்தின் சத்தமும், டீச்சரின் சிரிப்பும் கேட்டன. நாயகம் அதை மூன்று முறை கேட்டான்.

டீக்கடைக்காரர் இரண்டு தடவை வந்து, “இன்னொன்னு போடவா சார்?” என்று கேட்டுவிட்டுப் போனார். நாயகம் நிமிர்ந்து மணி பார்த்தபோது ஐந்து பத்து ஆகியிருந்தது.

படித்துக்கொண்டே இருந்ததில் நேரம் போய்விட்டது என்றுதான் அஃப்சலிடமும் பிறகு மற்றவர்களிடமும் அவன் சொன்னான். நாலே முக்காலுக்கு ஒருமுறை கார்டை எடுத்துப் பார்த்து, மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டதைச் சொல்லவில்லை. அதை வீரம் என்று சொல்லிக்கொள்ள அவனுக்கே கூச்சமாக இருந்தது.

பிறகு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடலாம். மூன்று வாரம் கழித்துப் புனேயைச் சேர்ந்த ஒரு பெண்ணின் நிழல் அந்த அறிக்கையைப் புதிதாக எழுதியது. ஆறில் நான்கை மூடச் சொன்னது. சங்கரன்கோவில் தப்பித்தது. ஏன் என்று அறிக்கையில் காரணம் இருந்திருக்கும், நாயகம் அதைப் பார்க்கவில்லை. மூடிய நான்கு ஊர்களிலும் யார் யார் பஸ் ஏற முடியாதவர்கள் என்பதும் அவனுக்குத் தெரியாது. நிழல் இல்லாத ஆளை வேலைக்கு எடுக்கிற இடங்கள் மிகக் குறைவு. மதுரையில் ஒரு வயதான ஆடிட்டர், கணினிகள் போட்ட கணக்கில் தப்புத் தேடுகிற வேலையை அவனுக்குக் கொடுத்தார். நேர்காணலில் ஒரே கேள்வி கேட்டார்: “தம்பி, நீ வழக்கமா என்ன தப்பு பண்ணுவே?” நாயகம் அதற்கு முக்கால் மணி நேரம் பதில் சொன்னான்.

அந்த வியாழக்கிழமை மாலையில் அவனுக்கு இதெல்லாம் தெரியாது. டீக்கடை பெஞ்சில் கடைசிச் செய்திகள் வரை வந்திருந்தான். சென்ற மாதம் சித்தி எழுதியிருந்தாள்: ‘நாயகத்தோட நிழல் நம்ம குரூப்பைப் படிக்கணுமாம், சம்மதம் கேட்டு எல்லாருக்கும் வந்திருக்கும். சரின்னு அமுக்குங்க. அதுவாவது படிக்கட்டும்.’

அதற்கு மூன்று மாதம் முன்னால், சித்தப்பா முதன்முதலாகத் தென்காசிக்குப் போன நாளின் செய்திகள் இருந்தன. படிக்கும் வேகத்தில் அவற்றைத் தாண்டி வந்திருந்தான். திரும்பிப் போய் நிதானமாகப் படித்தான். அன்று சித்தப்பாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கி, அரை மணி நேரம் நினைவில்லாமல் இருந்திருக்கிறார். சித்தி எல்லாவற்றையும் எழுதிவிட்டு, ‘நாயகமும் இந்த குரூப்ல இருக்கானே, பாத்துட்டுப் பதறப் போறான்’ என்று முடித்திருந்தாள்.

கீழே சித்தப்பாவின் பதில். ‘அவன் எங்க இதைப் பாக்கப் போறான். நீ தைரியமா எழுது.’

 நாயகம், ‘பாத்துட்டேன் சித்தப்பா’ என்று தட்டி அனுப்பினான். இரண்டு வருடத்தில் அந்தக் குரூப்பில் அவன் எழுதிய முதல் செய்தி.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சித்தியிடமிருந்து பதில் வந்தது.

‘இது நீயா, உன் நிழலா?’